ஒரு கடல், இரண்டு கருவூலங்கள்

லண்டன் மாநகரின் மத்தியிலே வளைந்து செல்லும் ரீஜெண்ட் வீதி, பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜான் நாஷ் என்னும் கட்டடக் கலைஞரின் திட்டப்படி உருவானது; நெடுங்காலமாகப் பிரிட்டிஷ் முடியரசின் சொத்தாகவே இருந்து வந்தது. அந்த வீதியில் முடியரசின் நிலச் சொத்துகளை நிர்வகிக்கும் ஸ்தாபனத்துக்கு உரிய கட்டடங்களில் நாலில் ஒரு பங்கை, 2011-ஆம் ஆண்டில், நூற்றைம்பது வருஷக் குத்தகை உரிமையாக விலை கொடுத்து வாங்கிப் பங்காளியாகச் சேர்ந்தது நார்வே தேசத்தின் எண்ணெய் நிதி. வடகடலின் கிழக்குப் பாதியிலிருந்து எண்ணெய் எடுத்த ஒரு சிறிய தேசம், அந்தப் பணத்தைக் கொண்டு, அதே கடலின் மேற்குப் பாதியிலிருந்து அதே எண்ணெயை எடுத்த ஒரு பெரிய தேசத்தின் தலைநகரில் கடைகளுக்கு வாடகை வாங்கிக்கொண்டிருக்கிறது. நார்வே சேர்த்து வைத்த பொக்கிஷத்தைப் போன்ற ஒன்று பிரிட்டனிடம் ஏன் இல்லை என்னும் கேள்வியை இக்காலத்துச் செல்வ நாடுகளைப் பற்றிச் சிந்திக்கும் எவரும் ஒதுக்கிவிட முடியாதென்று நான் கருதுகிறேன்.

இரண்டு செல்வ நாடுகளை ஒப்பிடப் புகுகிறவர்கள், தலைக்கு இவ்வளவு வருமானம், சராசரி ஆயுள் இவ்வளவு, உலக வரிசையில் இத்தனையாவது ஸ்தானம் என்று பட்டியல் போட்டு முடித்துவிடுவது வழக்கம். அந்தக் கணக்குகளுக்கும் மதிப்பு உண்டு. நார்வேயில் தலைக்கு விழும் வருமானம் பிரிட்டனில் உள்ளதைப்போல் ஒன்றரை மடங்குக்கும் மேல். சராசரி ஆயுள் அங்கே எண்பத்து மூன்றை ஒட்டியும் பிரிட்டனில் எண்பத்தொன்றை ஒட்டியும் நிற்கிறது. செல்வர்க்கும் வறியர்க்கும் இடையே உள்ள தூரம் பிரிட்டனில் அகன்றும் நார்வேயில் குறுகியும் காணப்படுகிறது. ஆயினும் இவையெல்லாம் விளைவுகளே. ஒரே கடலடியில், ஒரே காலத்தில், மொத்த அளவில் பெருத்த பேதமில்லாமல், ஒரே பொருள் இரண்டு ஜனநாயக தேசங்களுக்குக் கிட்டியது என்பது சரித்திரத்தில் அபூர்வமாக நேரும் சம்பவம். அதை ஆராய்ந்தால் காரணங்களே கண்ணுக்குத் தெரியும்.

நியாயத்தை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். நார்வேயின் ஜனத்தொகை ஏறத்தாழ ஐம்பத்தைந்து லட்சம். பிரிட்டனுடையதோ ஆறேமுக்கால் கோடிக்கும் மேல். ஒரே அளவு எண்ணெயைப் பன்னிரண்டு மடங்கு மக்களுக்குப் பங்கிட்டால் ஒவ்வொருவர் பங்கும் சிறுத்துத்தான் போகும். ஆகவே, பிரிட்டன் விவேகமாக நடந்திருந்தால் இன்று நார்வேயைப் போலவே ஆகியிருக்கும் என்று சொல்வது அறியாமை. ஆனால் பங்கு சிறியது என்பது, அதில் ஒரு காசும் மிச்சம் பிடிக்காமல் விட்டதற்கு ஒருபோதும் சமாதானமாகாது.

நார்வேயின் விவேகம் எண்ணெயோடு பிறந்ததென்று பலர் எண்ணுகிறார்கள். அது அருவிகளோடு பிறந்தது. 1905-ஆம் ஆண்டில் சுவீடனோடு இருந்த ஐக்கியத்தை முறித்துக்கொண்டு தனி ராஜ்யமானபோது அது ஐரோப்பாவின் ஏழை நாடுகளில் ஒன்று. மீன் பிடித்தும், மரம் வெட்டியும், கப்பலோட்டியும் பிழைத்த தேசம். பிழைக்க வழியின்றி லட்சக்கணக்கானவர்கள் அமெரிக்காவுக்குக் கப்பலேறிய தேசம். அந்தச் சமயத்தில்தான் மலையிலிருந்து விழும் நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்பது தெரியவந்து, அந்நிய முதலாளிகள் விவசாயிகளிடமிருந்து அருவிகளை ஒவ்வொன்றாகக் கிரயம் பண்ணத் தொடங்கினார்கள். மறு வருஷமே அவசரச் சட்டம் ஒன்று பிறந்தது. 1909-ஆம் ஆண்டில், குன்னார் க்னுட்சென் பிரதமராகவும் யோஹான் காஸ்ட்பெர்க் நீதி மந்திரியாகவும் இருந்தபோது நிறைவேறிய சட்டமோ, அருவியில் மின் நிலையம் அமைக்க விரும்பும் தனியார் எவரும் சர்க்காரின் அனுமதியைப் பெற்றாக வேண்டும், அந்த அனுமதியின் காலமாகிய அறுபது முதல் எண்பது வருஷம் கழிந்ததும் அருவியும் அணையும் இயந்திரங்களும் நஷ்டஈடு எதுவுமின்றி ராஜ்யத்தைச் சேர்ந்துவிடும் என்று விதித்தது. அன்று அதற்கு ஓட்டளித்தவர்களில் பெரும்பாலோர், அந்தச் சொத்து பொதுவுக்குத் திரும்பும் நாளைத் தாங்கள் காணப் போவதில்லை என்று அறிந்தே ஓட்டளித்தார்கள். இயற்கை தந்த சம்பத்தில் பிறவாத சந்ததிக்கும் பங்கு உண்டு என்னும் எண்ணம் பிரசங்க மேடையிலிருந்து இறங்கிச் சட்டப் புத்தகத்தில் ஏறியது அன்றைக்குத்தான். இந்த ஒரு சட்டத்தை அறியாமல் நார்வேயின் எண்ணெய்க் கதையைப் புரிந்துகொள்ள முடியாது.

1959-இல் ஹாலந்து தேசத்தில் க்ரோனிங்கன் என்னுமிடத்தில் மாபெரும் எரிவாயு வயல் அகப்பட்ட பிறகே வடகடலின் அடியிலும் ஏதாவது இருக்கக்கூடும் என்று கம்பெனிகள் யோசிக்க ஆரம்பித்தன. அதற்கு முந்திய வருஷம்தான் நார்வேயின் நிலவியல் ஆய்வுத் துறை, தங்கள் கரையோரக் கடலடியில் நிலக்கரியோ எண்ணெயோ கந்தகமோ கிடைக்கும் என்ற நம்பிக்கையே வேண்டாம் என்று வெளிநாட்டு இலாகாவுக்கு எழுதியிருந்தது. 1962-இல் பிலிப்ஸ் என்னும் அமெரிக்கக் கம்பெனி வந்து, நார்வேயின் கடற்பரப்பு முழுவதையும் துழாவிப் பார்க்கும் ஏகபோக உரிமைக்காக மாதம் 1,60,000 டாலர் தருவதாகச் சொன்னது. ஒன்றுமே கிடையாது என்று நிபுணர்கள் சொல்லிவிட்ட இடத்துக்கு அத்தனை பணம் வருமானால், சாதாரணமாக எந்தச் சர்க்காரும் வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளும். நார்வே மறுத்தது. சட்ட நிபுணர் யென்ஸ் ஏவன்சனின் முயற்சியால், 1963-ஆம் ஆண்டு மே மாதம் 31-ஆம் தேதி, தன் கரையை அடுத்த கடலடி முழுவதும் தன் ராஜ்யத்தின் உடைமை என்று அறிவித்துவிட்டு, பிறகே கம்பெனிகளோடு பேச உட்கார்ந்தது. 1965-இல் பிரிட்டனோடு சமரசமாக எல்லை வகுத்து, கடலின் நடுக்கோடு இரு தேசத்தார்க்கும் வரம்பாயிற்று.

இனி வரும் பகுதியை நான் சற்று நிதானமாகவே சொல்ல விரும்புகிறேன். 1968-ஆம் ஆண்டு வசந்த காலத்தில், இராக் தேசத்து பஸ்ரா நகரில் பிறந்தவரும், லண்டனில் நிலவியல் பயின்றவரும், இராக் பெட்ரோலியம் கம்பெனியில் உயர்ந்த பதவி வகித்தவருமான ஃபாரூக் அல்-காசிம் என்பவர், தம் நார்வீஜிய மனைவியோடும் குழந்தைகளோடும் ஆஸ்லோ வந்து சேர்ந்தார். இளைய மகனுக்கு மூளை முடக்குவாதம். அதற்குரிய சிகிச்சை பஸ்ராவில் இல்லை. ஆகவே உத்தியோகத்தைத் துறந்து மனைவியின் தேசத்துக்கே குடிபெயர்ந்தார். மனைவியின் ஊருக்குச் செல்லும் ரயிலுக்கு நேரம் இருந்ததால், இந்நாட்டில் எண்ணெய்த் தொழிலில் ஈடுபட்ட கம்பெனிகள் எவையென்று விசாரித்து வரலாமென்று தொழில் மந்திரி காரியாலயத்துக்குள் நுழைந்தார். அங்கே எண்ணெய் விவகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவர்கள் விரல் விட்டு எண்ணத்தக்க சில இளைஞர்கள். மேஜை நிறையத் தோண்டுகிணறுகளின் பரிசோதனைக் குறிப்புகள். அவற்றைப் படித்துப் பொருள் சொல்லும் அனுபவஸ்தர் ஒருவரும் இல்லை. அவர் வேலை தேடி வந்தார். அவர்களோ அவரைப் போன்ற ஒருவர் வரமாட்டாரா என்றிருந்தார்கள். குறிப்புகளை ஆராய்ந்து, எண்ணெய் அகப்படும் நாள் தூரத்தில் இல்லை என்று அவர் அறிவித்தார். 1969-ஆம் ஆண்டின் இறுதியில், பிலிப்ஸ் கம்பெனி ஓஷன் வைக்கிங் என்னும் துளையிடு மேடையிலிருந்து எகோஃபிஸ்க் என்னும் வயலைக் கண்டது. கடலடி வயல்களில் அது மிகப் பெரியவற்றுள் ஒன்று.

எண்ணெய் கண்ட தேசங்கள் எப்படிக் கெட்டுப்போகின்றன என்பதை அல்-காசிம் தம் சொந்த நாட்டிலேயே பார்த்தவர். அந்நியக் கம்பெனியின் ஆதிக்கத்தையும் அறிவார், அதற்கு எதிர்வினையாக எழும் ஆவேச தேசியமயத்தையும் அறிவார். அவரும் சகாக்களும் சேர்ந்து வகுத்த திட்டம் இரண்டுக்கும் நடுவே சென்றது. கொள்கையை வகுப்பது மந்திரி சபை. வியாபாரம் செய்வது சர்க்காருக்குச் சொந்தமான ஒரு கம்பெனி. இரண்டுக்கும் அப்பால் நின்று, கிணறுகளைக் கண்காணிப்பது ஒரு தனி இயக்ககம். 1971-இல் எண்ணெய்க்குப் பத்துக் கட்டளைகள் என்று வழங்கும் கோட்பாடுகளை நார்வேயின் சட்டசபையாகிய ஸ்டூர்டிங் ஏற்றது. மறு வருஷம் ஸ்டாட்டாயில் கம்பெனியையும் பெட்ரோலிய இயக்ககத்தையும், ஒரு எதிர்ப்புக் குரலும் இல்லாமல், நிறுவியது. அந்நியக் கம்பெனிகளை அவர்கள் விரட்டவில்லை. வரவழைத்து, அவர்களிடம் தொழிலைக் கற்றுக்கொண்டு, லாபத்தில் பெரும்பங்கை வரியாக வாங்கினார்கள். இயக்ககத்தில் நெடுங்காலம் பணியாற்றிய அல்-காசிம், சீக்கிரம் பணமாக்கும் அவசரத்தில் வயலைப் பாழாக்கக் கூடாதென்றும், எகோஃபிஸ்க் பாறைக்குள் நீரைச் செலுத்தி எஞ்சிய எண்ணெயையும் எடுக்க வேண்டுமென்றும் கம்பெனியோடு மன்றாடி வென்றார். பிள்ளையின் வைத்தியத்துக்காக வந்த ஓர் அந்நியரின் சொல்லுக்குச் செவி சாய்க்கத் தெரிந்த அடக்கத்தை, அந்தத் தேசத்தின் ஐசுவரியங்களில் ஒன்றாக நான் மதிக்கிறேன்.

நார்வே ஒருநாளும் தடம் புரளவில்லை என்பதல்ல. எழுபதுகளில், இன்னும் வராத எண்ணெய்ப் பணத்தை நம்பிக் கடன் வாங்கிச் செலவழித்தார்கள். 1986-இல் எண்ணெய் விலை சரிந்தபோது கூலியும் விலையும் எகிறிய பொருளாதாரம் குலுங்கியது. அதைத் தொடர்ந்து பாங்கிகளே நிலைகுலைந்தன. அந்தப் பட்டறிவின் நடுவிலேதான் 1990-இல் எண்ணெய் நிதிச் சட்டம் நிறைவேறியது. ஆறு வருஷம் காலியாக இருந்த அந்தப் பெட்டியில் முதல் பணம் விழுந்தது 1996-இல். வருமானம் முழுவதையும் உள்ளே போட்டு, வெளிநாடுகளில் மட்டுமே முதலீடு செய்து, ஆண்டுதோறும் சராசரியாக நிதியின் மதிப்பில் நூற்றுக்கு நான்குக்கு மேற்படாமல் எடுப்பதென்று 2001-இல் விதி செய்துகொண்டார்கள். 2017-இல் அதையும் மூன்றாகக் குறைத்தார்கள். 2024-ஆம் ஆண்டின் முடிவில் அந்த நிதியில் இருந்தது ஏறத்தாழ 1.7 லட்சம் கோடி டாலர். பிறந்த குழந்தை உட்பட ஒவ்வொரு நார்வீஜியருக்கும் மூன்று லட்சம் டாலருக்குக் குறையாத பங்கு. உலகத்துப் பங்குச் சந்தைகளில் விலைபோகும் கம்பெனிகளின் மொத்தப் பங்குகளில் நூற்றுக்கு ஒன்றரை வீதம் அவர்களுடையது. தேர்தலுக்குத் தேர்தல் ஓட்டுக் கேட்டு நிற்கும் கட்சிகள், கண்ணெதிரே கிடக்கும் இத்தகைய குவியலைக் கட்டுப்பாட்டோடு தொடுவதென்பது, எண்ணெய் எடுத்ததைக் காட்டிலும் அரிய சாதனை.

கடலின் மறு கரையில் நிலைமை வேறு. 1970-இல் ஃபோர்ட்டீஸ் வயலும், 1971-இல் பிரெண்ட் வயலும் கண்டபோது பிரிட்டன் ஏற்கெனவே களைத்துப்போன தேசம். சாம்ராஜ்யம் கையை விட்டுப் போயிற்று, தொழிற்சாலைகள் மூப்படைந்தன, 1976-இல் சர்வதேச நிதி ஸ்தாபனத்திடம் கடனுக்குக் கை நீட்ட நேர்ந்தது. பசித்தவன் விதைநெல்லைப் பார்ப்பதுபோல் பிரிட்டன் தன் எண்ணெயைப் பார்த்தது. ஆயினும் யோசனை சொல்ல ஆள் இல்லாமல் போகவில்லை. எரிசக்தி மந்திரியாயிருந்த டோனி பென், எண்ணெய் வருமானத்தைத் தனி நிதியாக ஒதுக்கித் தொழில்களைப் புதுப்பிக்க வேண்டுமென்று வாதாடினார்; கஜானா இலாகா ஒப்பவில்லை; 1978-இல் தனி நிதி வேண்டாமென்று மந்திரி சபை முடிவு செய்தது. மறு வருஷம் அதிகாரத்துக்கு வந்த மார்கரெட் தாட்சர் அம்மையாரின் ஆட்சியில் அந்தப் பேச்சே மறைந்தது.

அந்தப் பணம் எங்கே போயிற்று என்று கேட்டால், ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. 1984-85-ஆம் ஆண்டில் மட்டும் சுமார் 1,200 கோடி பவுன் வடகடலிலிருந்து கஜானாவுக்கு வந்தது. அதே காலத்தில் முப்பது லட்சத்துக்கு மேற்பட்டவர்கள் வேலையற்று உதவித் தொகை பெற்றுக்கொண்டிருந்தார்கள். உச்ச வருமான வரி 83 சதவீதத்திலிருந்து 1979-இல் அறுபதாகவும், 1988-இல் நாற்பதாகவும் குறைக்கப்பட்டது. எண்ணெயும் உயர்ந்த வட்டியும் சேர்ந்து பவுன் நாணயத்தின் மதிப்பை ஏற்றிவிட, வெளிநாட்டில் சரக்கு விற்க முடியாமல் ஆலைகள் மூடின. ஆலை மூடியதால் வேலை இழந்தவனுக்குக் கொடுக்க எண்ணெய்ப் பணம் உதவியது. தேசிய எண்ணெய்க் கம்பெனி 1976-இல் வேலை தொடங்கி, 1982-இல் அதன் உற்பத்திப் பகுதி தனியாருக்கு விற்கப்பட்டு, சில ஆண்டுகளில் அதன் பெயரே இல்லாமல் போயிற்று. கேவின் மெக்ரோன் என்னும் பொருளாதார நிபுணர், தனி நாடானால் ஸ்காட்லாந்து இந்த எண்ணெயால் ஐரோப்பாவின் பலமிக்க நாணயங்களில் ஒன்றை உடையதாகலாம் என்று 1974-இல் சர்க்காருக்கு எழுதிய குறிப்பு, முப்பது வருஷம் ரகசியமாகவே வைக்கப்பட்டு, 2005-இல் வெளிவந்தது. தாட்சர் அம்மையார் செய்த மாறுதல்களில் சில அவசியமானவை என்று வாதிப்பவர்களோடு நான் சண்டை பிடிக்கவில்லை. அந்த மாறுதல்களின் செலவை, ஒரே ஒரு முறை மட்டுமே கிடைக்கும் ஒரு முதலைக் கரைத்துத் தீர்த்ததே என் வருத்தம்.

இது பிரிட்டிஷாரின் சுபாவம், அது நார்வீஜியரின் சுபாவம் என்று சொல்லிவிட்டுப் போகக்கூடியவர்களுக்கு, ஷெட்லாந்துத் தீவுகள் விடையாக நிற்கின்றன. டென்மார்க்குக்கும் நார்வேக்கும் அரசனாயிருந்த முதலாம் கிறிஸ்தியன், 1469-இல் தன் மகளை ஸ்காட்லாந்து அரசனுக்கு மணமுடித்தபோது சீதனப் பணத்துக்கு ஈடாக அடகு வைத்து, மீட்காமலே போன தீவுகள் அவை. இன்றும் அங்கே இருப்பவர்கள் ஏறத்தாழ இருபத்து மூவாயிரம் பேரே. பிரெண்ட் வயலின் எண்ணெயை இறக்கச் சல்லம் வோ என்னும் விரிகுடாவில் துறைமுகம் வேண்டுமென்று கம்பெனிகள் வந்தபோது, ஆட்டு மந்தையும் மீன்பிடியும் தொழிலாகக் கொண்ட அந்தத் தீவினரின் ஜில்லா சபை மிரளவுமில்லை, மயங்கவுமில்லை. பார்லிமெண்டில் 1974-இல் தனக்கென்று ஒரு விசேஷச் சட்டத்தை நிறைவேற்றிக்கொண்டது. கரையோர நிலத்தை வாங்கவும் துறைமுகத்தை நடத்தவும் அதிகாரம் பெற்றது. தங்கள் வாழ்க்கைக்கு நேரும் இடையூறுக்குக் கம்பெனிகள் ஈடு செலுத்த வேண்டுமென்று பேரம் பேசி ஒப்பந்தம் செய்துகொண்டது. அந்தப் பணம் ஒரு தர்ம நிதியாக இன்றும் இருக்கிறது. முதியோர் பராமரிப்புக்கும், தீவுக்குத் தீவு அமைந்த விளையாட்டு நிலையங்களுக்கும், கலைக்கும் அதிலிருந்தே உதவி போகிறது. அவர்களும் பிரிட்டிஷ் பிரஜைகளே. அவர்கள் போனதும் வெஸ்ட்மின்ஸ்டருக்கே. லண்டன் கஜானா முடியாது என்று தள்ளியதை அதே ஆட்சியின் நிழலில் ஒரு சிறு ஜில்லா சபை செய்து காட்டியது.

இந்தப் பழைய தீர்மானங்கள் இன்றைய வாழ்க்கையில் எப்படிக் காய்த்திருக்கின்றன என்பதை வீட்டு வாசலில் நின்று பார்ப்பது நல்லது. குழந்தை பிறந்தால், நார்வேயில் தகப்பனுக்கென்றே ஒதுக்கிய சம்பள விடுப்பு பதினைந்து வாரம். பிரிட்டனில் சட்டப்படி தகப்பனுக்குரியது இரண்டு வாரம். பையன் வளர்ந்து சர்வகலாசாலைக்குப் போனால், நார்வேயின் பொதுக் கலாசாலைகளில் சொந்தப் பிரஜைகளுக்குப் பாடக் கட்டணம் இல்லை. இங்கிலாந்தில் ஆண்டுக்கு ஒன்பதாயிரம் பவுனுக்கு மேல் கடன்பட்டுப் படிக்கிறான். பிரிட்டனில் ஒரு பெரிய தர்ம ஸ்தாபனத்தின் கீழ் இயங்கும் உணவு வங்கிகள் மட்டும் 2023-24-இல் முப்பது லட்சத்துக்கும் மேற்பட்ட உணவுப் பொட்டலங்களை வழங்கின. எண்ணெயின் தலைநகர் என்று பேர்பெற்ற அபர்டீனில், நகர சபைக்குப் பணமில்லையென்று 2023-இல் ஆறு கிளை நூலகங்களை மூடினார்கள். அபர்டீனின் கிரானைட் வீதிகளைக் காட்டிலும், நார்வேயின் எண்ணெய் நகரமாகிய ஸ்டவாங்கரின் வெள்ளை மரவீடுகள் ஒரு காலத்தில் ஏழ்மையானவை. மத்தி மீனைத் தகரத்தில் அடைத்து விற்றுப் பிழைத்த ஊர் அது.

இருந்தாலும் வாழ்க்கையின் தரம் கருவூலத்தோடு முடிந்துவிடுவதில்லை. பிரிட்டன் இன்றும் நார்வேக்குக் கற்றுக்கொடுக்கக் கூடியவை பல. வைத்தியனைப் பார்க்கக் கட்டணமே கூடாதென்று 1948-இல் ஏற்படுத்திய பொதுச் சுகாதார சேவை, நீண்ட காத்திருப்புப் பட்டியலால் நலிந்திருந்தாலும், அந்தக் கொள்கையை இன்றும் விடவில்லை. நார்வேயிலோ ஆண்டுக்கு ஒரு வரம்பு வரையில் நோயாளி தன் பங்கைச் செலுத்தியே ஆக வேண்டும். லண்டனின் தேசியக் காட்சிசாலைகளுக்குள் கூலிக்காரனும் காசின்றி நுழையலாம். பள்ளிப் பிள்ளைகளின் கணிதத் திறமையை நாடுகளுக்கிடையே அளந்த 2022-ஆம் ஆண்டுப் பிசா தேர்வில் பிரிட்டிஷ் பிள்ளைகள் 489 புள்ளியும் நார்வீஜியப் பிள்ளைகள் 468 புள்ளியும் பெற்றார்கள். பல தேசத்தாரைத் தன்னுள் சேர்த்துக்கொண்டு பழகிய சமூகம் பிரிட்டன். ஒரு ஹிந்து அங்கே பிரதமராக முடிந்தது. ஈழத்திலிருந்து அடைக்கலம் தேடிச் சென்ற நம்மவர்கள் இரு தேசங்களிலும் வேரூன்றியிருக்கிறார்கள். நார்வேயில் பலர் வடகோடியில் பின்மார்க்கின் மீன் பதனிடும் ஆலைகளில் குளிரோடு போராடித் தொடங்கினார்கள். யாழ்ப்பாணத்தில் பிறந்த கம்சி குணரத்னம் ஆஸ்லோவின் துணை மேயராகிப் பின் ஸ்டூர்டிங்கில் அமர்ந்தார். பிரிட்டனின் பார்லிமெண்டிலும் 2024 முதல் உமா குமரன் இருக்கிறார்.

நார்வேயின் கலாசாரத்தில் என்னை மிகவும் கவர்வது, அங்கே எவர் எவ்வளவு சம்பாதித்து எவ்வளவு வரி செலுத்தினார் என்பதை அயலார் எவரும் கேட்டுப் பார்க்கலாம் என்னும் நடைமுறை. கேட்டவர் இன்னார் என்பதும் உடையவருக்குத் தெரிந்துவிடும். காடும் மலையும் தனியார் உடைமையாயினும் எவரும் நடந்து போகலாம், கூடாரமடித்து இரவு தங்கலாம் என்று 1957-இல் சட்டமே செய்திருக்கிறார்கள். பொதுவானது என்று ஒன்று உண்டு என்பதைத் தினசரி வாழ்க்கையிலே அனுபவிக்கிற ஜனங்கள், பொதுவான கருவூலம் ஒன்றை நம்பியதில் வியப்பில்லை. பிரிட்டன் இழந்தவற்றுள் பணத்தைக் காட்டிலும் பெரியது இந்த நம்பிக்கையே என்று நினைக்கிறேன்: சர்க்கார் எங்களுக்காக ஒன்றைப் பத்திரமாக வைத்திருக்கும் என்று இன்று ஒரு சாதாரண ஆங்கிலேயனிடம் சொன்னால் அவன் நம்புவதற்கு ஆதாரம் தேட வேண்டியிருக்கும்.

இந்தச் செல்வத்துக்காக உயிர் கொடுத்தவர்களை மறந்துவிட்டு இரு நாட்டையும் பற்றி எழுதுவது பாவம். 1980 மார்ச்சு 27-இல் நார்வேயின் கடற்பகுதியில் அலெக்சாண்டர் கீலாண்டு என்னும் தங்குமிட மேடை கவிழ்ந்து 123 பேர் மாண்டார்கள். 1988 ஜூலை 6-இல் பிரிட்டனின் கடற்பகுதியில் பைப்பர் ஆல்ஃபா என்னும் மேடை வெடித்து எரிந்து 167 பேர் மாண்டார்கள். ஆழ்கடலில் மூழ்கிக் குழாய் பொருத்தி, உடலும் மனமும் சிதைந்த முன்னோடி முக்குளிப்போர், சொந்த தேசமே தங்களுக்கு உண்மை சொல்லவில்லை என்று வழக்காடி, 2013-இல் ஐரோப்பிய மனித உரிமை நீதிமன்றத்தில் நார்வேக்கு எதிராகத் தீர்ப்புப் பெற்றார்கள். உத்தமமாக நிர்வகித்த தேசத்தின் கணக்கிலும் இந்தப் பற்று இருக்கிறது.

அதைவிடப் பெரிய பற்றும் ஒன்று உண்டு. நார்வேயில் 2024-ஆம் ஆண்டில் விற்ற புதிய கார்களில் பத்தில் ஒன்பது பங்குக்கு அருகே மின்சாரத்தால் ஓடுபவை; வீட்டு விளக்குகள் பெரும்பாலும் அருவி நீரில் எரிகின்றன; ஆனால் கடலடியிலிருந்து எடுத்த எண்ணெயும் வாயுவும் பிற நாடுகளின் வானத்தில் புகையாகின்றன. வருங்காலச் சந்ததியின் உரிமையை அரசியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவிலேயே எழுதி வைத்திருக்கும் தேசத்துக்கு, அந்தச் சந்ததி தன் எல்லைக்கு வெளியேயும் பிறக்கும் என்பது தெரியாததல்ல. 2022-இல் உக்ரைன் யுத்தத்தால் வாயுவின் விலை ஏறி நார்வேக்கு வரலாறு காணாத வருமானம் வந்தபோது, போலந்துப் பிரதமர் அதை வெளிப்படையாகவே குறை கூறினார். அதே வேளையில், செல்வமே தேசத்தின் முயற்சியை மந்தமாக்குகிறது என்று எச்சரிக்கும் ஒரு பொருளாதார நிபுணரின் புத்தகம் 2025-இல் நார்வேயில் பரபரப்பாக விற்றது. நிலக்கரியின் முதல் எஜமானராகிய பிரிட்டனோ தன் கடைசி நிலக்கரி மின் நிலையத்தை 2024 செப்டம்பரில் மூடிவிட்டது.

இப்போது பிரிட்டனின் வயல்கள் வற்றிக்கொண்டிருக்கின்றன. 2006-இல் திறந்த லாங்கலெட் குழாய் ஏறக்குறைய 1,200 கிலோமீட்டர் கடலடியில் வந்து நார்வேயின் வாயுவை இங்கிலாந்தின் கரையில் சேர்க்கிறது. 2021 முதல் நார்வேயின் மின்சாரமும் கடலடிக் கம்பியில் வருகிறது. வடகடல் எண்ணெய் லாபத்தின் மீது பிரிட்டன் விதிக்கும் மொத்த வரி 2024 நவம்பரில் 78 சதவீதமாயிற்று. நார்வே நெடுங்காலமாக வாங்கிவருவதும் அதே 78 சதவீதமே. காலம் பிந்தி, கிணறு வற்றும் வேளையில், கணக்கு ஒன்றாயிற்று.

ஆனால் அந்தக் கடலின் மேலே காற்று வீசுகிறது. காற்றாலை நிறுவக் கடலடி நிலத்தைக் குத்தகைக்கு விடும் உரிமை பிரிட்டிஷ் முடியரசின் ஸ்தாபனத்துக்கு இருக்கிறது. அதன் ஆண்டு லாபம் 2023-24-இல் நூறு கோடி பவுனைக் கடந்தது. ஸ்காட்லாந்திலும் 2022-இல் நடந்த கடற்காற்றுக் குத்தகை எழுபது கோடி பவுனுக்குமேல் ஈட்டியது; இரண்டே வருஷத்தில் ஸ்காட்லாந்து நிதி மந்திரி அதிலிருந்து நடப்புச் செலவின் துண்டு விழுவதை ஈடுகட்டத் திட்டமிட்டார். எண்பதுகளில் லண்டன் செய்ததற்கும் இதற்கும் எனக்கு வேற்றுமை தெரியவில்லை. இன்னும் பல குத்தகைகள் வர இருக்கின்றன. அடுத்தது ஏலத்துக்கு வருமுன், அந்தப் பணத்தில் இத்தனை வீதம் தொடாமல் ஒதுக்கப்படும், இத்தனைக்கு மேல் ஆண்டுதோறும் எடுக்கலாகாது என்று ஒரு சட்டத்தை வெஸ்ட்மின்ஸ்டரும் எடின்பரோவும் இயற்ற வேண்டும். அதற்கு ஆஸ்லோவுக்குத் தூது அனுப்ப வேண்டிய அவசியம் இல்லை. 1974-ஆம் வருஷத்து ஷெட்லாந்துச் சட்டம் அவர்களுடைய சட்டத் தொகுப்பிலேயே இருக்கிறது.